சக்கை பிடித்த சாயம்

என் அக்கா புருஷனைப் பற்றித் தெருவில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். சைக்கிளில் கடைக்குப் போய், சாமான் வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்து, "என் சைக்கிளை எவனோ தள்ளிட்டுப் போயிட்டான்" என்று தெருவையே கூட்டியவர் அவர். கல்யாணத்தன்று ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறுகாலில் பழுப்புச் செருப்புமாக வந்து நின்றார். அதில் பழுப்பு அவருடையதே அல்ல. மறதி மாமா என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்னும் சிரிக்கிறார்கள். நல்ல மனசோடுதான் சிரிக்கிறார்கள், தெரியும். ஆனால் சிரித்து முடித்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டு, "எல்லாம் சரி, அன்னிக்கு மட்டும் அந்த மனுஷன் மறக்காம இருந்திருந்தா..." என்று இழுப்பார்கள். அந்த இழுவையைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் பிறவியிலேயே சண்டைக்காரி. மாமா எனக்கு வைத்த பெயரே வாயாடிதான். இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் என் வாய்க்குப் பூட்டு. பூட்டிவிட்டுச் சாவியையும் அவரே கொண்டு போய்விட்டார்.

நானும் மாமாவும் ஒரே சாயப்பட்டறையில் வேலை பார்த்தோம். முன்பக்கம் தொட்டிகள், நடுவில் பாய்லர், பின்பக்கச் சுவரைத் தாண்டினால் ஓடை. தொட்டியில் என்ன நிறம் ஓடுகிறதோ ஓடையிலும் அதே நிறம் ஓடும். ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள், நாங்கள் என்ன ஆர்டர் எடுத்திருக்கிறோம் என்பதை எங்களுக்கு முன்பே தெரிந்துகொள்வார்கள். எனக்குச் சாம்பிள் மேசையில் வேலை. கொடுத்த மாதிரித் துண்டையும் எங்கள் துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஷேடு ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஒரே நீலமாகத் தெரிவது எனக்கு இரண்டு நீலமாகத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான்.

மாமா முதலில் தொட்டியில்தான் இருந்தார். ஒருநாள் உப்புப் போட மறந்துவிட்டார். உப்புப் போடாவிட்டால் சாயம் துணியில் ஏறாது. கருநீலம் போக வேண்டிய லாட் மொத்தமும் வெளிறிப்போய், மழையில் நனைந்த காகிதம் மாதிரி வந்து நின்றது. மேஸ்திரி அவரை அடுப்புப் பக்கம் அனுப்பினார். பாய்லரில் விறகு போடவும் மறந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "குளிரெடுத்தா ஞாபகம் வந்துடும்" என்றாராம் மாமா. அவர் சொல்லியிருப்பார், அப்படிப்பட்ட ஆள்தான்.

அப்புறம் சுற்றுச்சூழல் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. நிறத்தோடு தண்ணீர் வெளியே போகக் கூடாது, போனால் பட்டறைக்கு சீல் என்றார்கள். முதலாளி எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஒரு காலேஜ் மேடத்தைக் கூட்டி வந்தார். மெலிந்த உடம்பு, எப்போதும் தோளில் ஒரு பை, பை நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள். மரத்தூள், கடலைத் தோல், ஆரஞ்சுத் தோல், எரித்த உமி என்று ஒவ்வொன்றாகப் பாட்டிலில் போட்டு, எங்கள் சாயத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிப் பார்த்தார். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நிறத்தைப் பிடித்தன. நன்றாகப் பிடித்தது டீக்கடையில் வடிகட்டி வீசுகிற தேயிலைச் சக்கை. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு டீக்கடை என்பதால், வேறெதற்கும் அலைய வேண்டாம் என்று அதையே வைத்துக்கொண்டார்கள்.

யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது மேஸ்திரி மாமா பக்கம் கையைக் காட்டினார். "கழிவுத் தண்ணிதானே, இவரு மறந்தாலும் என்ன குடி முழுகிடப் போகுது?" அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் சிரித்தோம்.

வரிசையாக மூன்று டிரம்களில் சக்கையை நிரப்பி, அதன் வழியாகச் சாயத் தண்ணீரை விட வேண்டும். ஆனால் சக்கையை அப்படியே கொட்டிவிட முடியாது. கொதிக்கிற தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும். அதன் சொந்தப் பழுப்பு முழுக்க இறங்கி, அலசிய தண்ணீர் வெறும் தண்ணீராக வரும் வரைக்கும் அலச வேண்டும். இல்லாவிட்டால் நீலத்தைப் பிடிக்கப் போன சக்கை பழுப்பை விட்டுவிட்டு வரும். அப்புறம் வெயிலில் காயவைத்து, டிரம்மில் அடுக்கடுக்காக அமுக்க வேண்டும். சாயத் தண்ணீரில் ஏற்கெனவே சலவை சோடா இருக்கும், அதன் காரத்தைக் கொல்ல அளந்து ஆசிட் விட வேண்டும். மேடம் மாமாவை உட்காரவைத்துச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தண்ணில லேசா புளிப்பு இருக்கணும். அப்பதான் சக்கை சாயத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். சோடா மட்டும் கிட்டயே வரக் கூடாது. சோடா பட்டுச்சுன்னா இத்தனை நாள் பிடிச்சு வச்சதெல்லாம் ஒண்ணு விடாம வெளிய விட்டுடும்."

"வாயை அவிழ்த்துடும்னு சொல்றீங்க, எங்க வாயாடி மாதிரி" என்றார் மாமா. மேடம் சிரித்துவிட்டார்.

அவர் எதையும் மறக்கவில்லை. இதைத்தான் நான் ஊரைக் கூட்டிச் சொல்ல நினைக்கிறேன், சொல்ல முடியவில்லை. குடையை மறப்பார், கண்ணாடியை மறப்பார், சாப்பிட்டோமா இல்லையா என்பதையே மறப்பார். சக்கை விஷயத்தில் மட்டும் ஒரு நாள், ஒரு பொழுது மறந்ததில்லை. எந்தக் கடைக்காரர் சக்கையில் பாலும் சர்க்கரையும் கலந்து கொடுப்பார், எவர் சுத்தமாகக் கொடுப்பார் என்பதெல்லாம் விரல் நுனியில். சாயம் நிரம்பிய சக்கையை அள்ளிக் காயவைத்து பாய்லரில் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்புவார். வாய் உடைந்த ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம் வைத்திருந்தார். கடைசி டிரம்மின் குழாயைத் திறந்து அதில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிடுவார்.

"வாயாடி, பாரு."

"இன்னும் நீலம் இருக்கு மாமா."

"எங்கடி இருக்கு? எனக்குத் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது. கிண்ணத்து ஓரத்துல பாருங்க."

முனகிக்கொண்டே திரும்பிப் போவார். மறுபடி அலசுவார், மறுபடி அமுக்குவார். ஒருநாள் மத்தியானம் கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தார். நான் ஜன்னலுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் இருந்த கீறல்தான் தெரிந்தது. "ஒண்ணுமே இல்ல மாமா" என்றேன். அவரும் குனிந்து கிண்ணத்து ஓரத்தைப் பார்த்தார். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் வாழ்க்கையில் ஒரு வேலை உருப்படியாக முடிந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்று விரட்டினேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்தும் ஊறிய படுக்கை விரிப்புகளை வெள்ளையாக்கித் திருப்பி அனுப்புகிற வேலை. சின்ன வயதில் போனவள், கை ரேகை தேயும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். "சுடுதண்ணியும் சோடாவும் போட்டு ஊற வச்சா போகாத கறைன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது" என்பாள். வீட்டிலும் அதே ராஜ்ஜியம். தரை, அடுப்பு, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் சலவை சோடாதான். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது, அதனால் அவளுடைய கண்டிப்பு முழுவதும் சிந்தாமல் சிதறாமல் மாமாவுக்கே கிடைத்தது. சோடாவில் ஊறி ஊறி அவள் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருக்கும். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மாமா அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலின் தடவிவிடுவார். வாசலின் டப்பாவை எங்கே வைத்தோம் என்று மட்டும் அவர் மறந்ததே இல்லை. "சோடாவைக் குறைச்சுக்கோம்மா, கையைப் பாரு" என்பார். "கையைப் பாத்தா கறை போகுமா?" என்பாள் அவள். இதைத் தினமும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். என் சாப்பாடும் அக்கா வீட்டில்தான்.

ஆரம்பத்தில் மாமா சக்கையை வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்டார். ஈ மொய்த்தது, புளித்த வாடை வந்தது. அதையெல்லாம் கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் காற்றடித்து, ஈரச் சக்கை பறந்துபோய் அவள் கொடியில் போட்டிருந்த வெள்ளைத் துணியில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. அன்று வீடு ரெண்டுபட்டது. "இனிமே அந்தக் குப்பை இந்த வாசப்படி ஏறக் கூடாது! அதப் பத்தின பேச்சும் ஏறக் கூடாது! பட்டறையில என்னத்தையோ பண்ணித் தொலைங்க, என் காதுல விழக் கூடாது!"

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கப்புறம் வீட்டில் டிரம், சக்கை, ஆசிட் என்று ஒரு வார்த்தை பேசியதில்லை. சோடா பட்டால் என்ன ஆகும் என்பது பட்டறையில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. எல்லா வினையும் இதிலிருந்துதான் வந்தது.

ஆபீஸிலிருந்து சோதனைக்கு நாள் குறித்தார்கள். தேறினால் பட்டறை ஓடும், இல்லாவிட்டால் சீல். சோதனைக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு தொட்டிகளை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமாவும் நானும் மட்டும் இருந்தோம். அவர் டிரம்களைக் கடைசியாக ஒரு தடவை பார்த்து, குழாயில் தண்ணீர் பிடித்து, என்னிடம் காட்டி, "ஒண்ணுமில்லை" என்று என் வாயால் கேட்டுக்கொண்ட பிறகு, எதற்கும் கைவசம் கொஞ்சம் புதுச் சக்கை இருக்கட்டும் என்று சாக்கை எடுத்துக்கொண்டு டீக்கடைகளுக்குப் போனார். கண்ணாடியை வழக்கம்போல வீட்டில் மறந்திருந்தார்.

அந்தக் கண்ணாடியைக் கொடுக்கத்தான் அக்கா வேலை முடிந்து பட்டறைக்கு வந்தாள். நானும் கிளம்பிப் போயிருந்தேன், மாமாவும் இல்லை. வாட்ச்மேன் அவளைத் தெரிந்தவர் என்பதால் உள்ளே விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பின்பக்கம் போய் டிரம்களைப் பார்த்தாள். மேலே கருநீலமாகச் சேறு மாதிரிச் சக்கை, விளிம்பெல்லாம் வழிந்து காய்ந்த கறை. நாளைக்கு ஆபீஸர் வந்து பார்க்கப் போகிற இடம் இது. புருஷனுடைய இடம். அவளுக்கு மானம் போனது போலிருந்திருக்கும். மொட்டைமாடிச் சண்டைக்காக மனசில் ஒரு உறுத்தலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாய்லரில் சுடுதண்ணீர் இருந்தது. சாயப்பட்டறையில் சோடாவுக்கா பஞ்சம்? மூட்டை மூட்டையாகச் சுவரோரம் அடுக்கியிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளி வாளியாகக் கரைத்து, மூன்று டிரம்மிலும் ஊற்றினாள். வெளிப்பக்கத்தைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள்.

அடிக்குழாயைத் திறந்து வடிய விட்டிருந்தால் என்ன வருகிறது என்று அவளுக்கே தெரிந்திருக்கும். ஊறினால்தான் கறை போகும் என்பது சலவைக்கூடத்துப் பாடம். விடியும் வரைக்கும் ஊறட்டும் என்று விட்டுவிட்டு, கண்ணாடியையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மாமா திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. கண்ணாடியும் இல்லாததால் டிரம்களில் எந்த மாற்றமும் அவர் கண்ணில் படவில்லை. சாக்கை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை. காலையில் எல்லோர் முன்னாலும் அவர் பார்த்து அசந்து போகட்டும் என்று வைத்திருந்தாள். ராத்திரி அவள் கையில் வாசலின் தடவும்போது, "இன்னிக்கு என்ன இப்படி வெடிச்சிருக்கு?" என்று கேட்டாராம். "வேலை ஜாஸ்தி" என்றாளாம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

காலையில் ஆபீஸர் வந்தார். நடுவயது, அதட்டல் இல்லாத பேச்சு. முதலாளி, மேஸ்திரி, தொட்டி ஆட்கள், நான் எல்லோரும் டிரம்களைச் சுற்றி நின்றோம். மோட்டார் ஓடியது. ஒரு பக்கம் சாயத் தண்ணீர் ஏறியது. மாமா தன் வெள்ளைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு குழாயைத் திறந்தார்.

கறுப்பாக வந்தது. நீலமும் பழுப்பும் கலந்த கறுப்பு. மேலே ஊற்றிய தண்ணீரைவிடக் கெட்டியாக, இத்தனை நாளாகச் சக்கை பிடித்து வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கிண்ணத்தில் விழுந்தது. யார் முகத்திலும் ஈயாடவில்லை. எனக்கு என் கண்ணையே நம்ப முடியவில்லை. நேற்று இதே குழாயைப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னவள் நான்.

மாமா கிண்ணத்தில் விரலை விட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். சோடாத் தண்ணீர் என்றால் விரலில் வழவழவென்று வழுக்கும். சாயப்பட்டறைக்காரனுக்கு அது தெரியாமல் இருக்காது. அவர் தேய்ப்பதை நான் பார்த்தேன். பளபளப்பாக இருந்த டிரம்மை அவர் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தூரத்திலிருந்து அவளுக்குக் கிண்ணமும் தெரியவில்லை, மோட்டார் சத்தத்தில் பேச்சும் கேட்கவில்லை. வெடித்த கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஆபீஸர் ஒரு காகிதத் துண்டைத் தண்ணீரில் தொட்டுப் பார்த்தார். "காரம் ரொம்ப ஏறியிருக்கே. யாராவது சோடா கலந்துட்டாங்களா?"

மாமா குழாயை மூடினார்.

"சொல்லுங்க பெரியவரே. யாரோ தெரியாம ஏதோ செஞ்சுட்டாங்கன்னா அதையே எழுதி உங்களுக்குக் கொஞ்ச நாள் கொடுக்க முடியும். திரும்ப வந்து பாக்கறேன். அசட்டைன்னு எழுத வேண்டி வந்தா என் கையில ஒண்ணும் இல்ல."

அங்கே நின்ற அத்தனை பேரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாரும் ஒண்ணும் பண்ணலைங்க. நான்தான் சக்கை மாத்த மறந்துட்டேன். ஆசிட் விடவும் மறந்துட்டேன்."

ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் கொடுமை. உப்பை மறந்தவன், சைக்கிளை மறந்தவன், செருப்பை மறந்தவன், இதையும் மறந்துவிட்டான். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி உள்ளே போய்விட்டார். "பொய்! நேத்து நான் பாத்தேன்!" என்று நான் கத்தினேன். மாமா என் பக்கம் திரும்பி, "நீ முந்தாநாள் பாத்ததைச் சொல்றே" என்றார், அமைதியாக. ஒன்றிரண்டு பேர் "பாவம், மாமாவைக் காப்பாத்தப் பாக்குது" என்றார்கள். அன்று மத்தியானமே சீல் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். மாமாவைக் கரித்துக் கொட்டினாள். "இத்தனை குடும்பத்து வயித்துல அடிச்சிட்டீங்களே! ஒரு நாள், இந்த ஒரு நாள் ஞாபகம் வச்சிருக்கக் கூடாதா?" மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியாதுடி. நேத்து நான் போயி, சுடுதண்ணியும் சோடாவும் போட்டு எல்லாத்தையும் கழுவி ஊற வச்சுட்டு வந்தேன். நான் அதையாவது செஞ்சேனே. அதுவும் இல்லன்னா இன்னும் எவ்வளவு கேவலமா வந்திருக்கும்!"

டிரம்கள் பளபளத்தது யார் வேலை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "வாயாடி, வா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம்."

தெருமுனையில் நான் அவரை விளாசித் தள்ளினேன். எனக்கும்தான் வேலை போயிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாள் குடுத்திருப்பாங்க மாமா! அத்தனை பேர் சோறு! அக்காவை யாரும் தூக்குல போட்டிருக்க மாட்டாங்க!"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "அவ பொறந்ததுலேர்ந்து கழுவினதைத் தவிர வேற என்ன செஞ்சா? கை ரெண்டும் அதுலயே போச்சு. எனக்காக வந்து ஆசையா ஒரு தடவை கழுவியிருக்கா. நீ கழுவினதாலதான் கெட்டுச்சுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? அதுக்கப்புறம் அவ எதைத் தொடுவா?" கொஞ்சம் நிறுத்தி, "எனக்கென்ன, இன்னொரு மறதி. என் கணக்குல சேந்துட்டுப் போகட்டும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நீயும் சொல்லக் கூடாது. எனக்காக."

சரியா தப்பா என்று கேட்டால் எனக்கு இன்றும் தெரியாது. தொட்டி ஆட்களில் சிலர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களை நினைத்தால் மாமா மேல் கோபம் வரும். அக்காவின் கையைப் பார்த்தால் கோபம் போய்விடும். இப்படியே போய் வந்துகொண்டிருக்கிறது.

மேடம் ஒருநாள் வீடு தேடி வந்தார். "நீங்களா மறந்தீங்க?" என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங்க" என்றார். மேடம் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார். அன்றுதான் மாமா சாப்பிடவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார்.

முதலாளி மெஷின்களை விற்றுவிட்டு வெளியூர் போனார். மாமா ஒரு கோடவுனில் காவலுக்குப் போனார். நான் துணிக்கடையில் நிற்கிறேன். ஓடை தெளிந்துவிட்டது. சக்கையாலும் இல்லை, மாமாவாலும் இல்லை, சாயம் போடுவதற்கு ஆளில்லாததால் தெளிந்தது. மாமா வேலைக்குப் போகும்போது அந்தப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்ப்பார். நான் கூட இருந்தால், "ஏதாவது தெரியுதா?" என்று கேட்பார். "ஒண்ணுமே இல்ல மாமா" என்பேன். மறுபடி சைக்கிளை மிதிப்பார்.

அக்கா விடவில்லை. உப்பு அதிகமானாலும் மழை பெய்தாலும் பேச்சு அந்த நாளுக்குத்தான் போய் நிற்கும். "ஒரு வேலை, ஒரே ஒரு வேலை, அதையும் மறந்த மனுஷன்." வருஷக்கணக்கில் சொன்னாள். அவர் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் விழுந்தார். புத்தி தடுமாறியது. என்னைத் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. நிஜமான மறதி அப்போதுதான் வந்தது, வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. படுக்கை நனைந்துபோய் அக்கா விரிப்பை உருவி வாளியில் போடும் சத்தம் கேட்டால் போதும், கண்ணைத் திறக்காமலேயே பதறுவார். "சோடா போடாதே. வேணாம்மா, சோடா போடாதே. எல்லாம் வெளிய வந்துடும்." நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயைப் பொத்திவிடலாமா என்று தவிப்பேன். அக்கா ஈரக் கையோடு ஓடி வந்து, "போடலைங்க, போடலைங்க" என்று அவர் நெற்றியைத் தடவுவாள். அப்புறம்தான் அடங்குவார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, நானும் அக்காவும் மட்டும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் படுத்திருந்த விரிப்பு வாளியில் கிடந்தது. அக்கா சோடா டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு மறுபடி மூடி அலமாரியில் வைத்தாள்.

"கேட்டியாடி, கடைசி வரைக்கும்? உன்னை மறந்தாரு, தன் பேரையே மறந்தாரு. சோடா போடாதே, சோடா போடாதேன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாரு." வெடித்த உள்ளங்கைகளை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். "பாவி மனுஷன். என்னென்னமோ பேசிட்டேன் அவரை. அந்த ஒரு நாள் மறந்ததுக்காக வாழ்நாள் பூரா பேசிட்டேன். அவரு என்னடான்னா, சாகற வரைக்கும் என் கையையே நினைச்சிட்டு இருந்திருக்காரு."

அலமாரியில் சோடாவுக்குப் பக்கத்தில் வாசலின் டப்பா இருந்தது. நான் எழுந்துபோய் அதை எடுத்து வந்தேன். அவள் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமாக்கா" என்றேன்.